ஐந்தாம் நம்பர் பெட்டி

வேலையில் பிசகு நேர்ந்துவிட்டால் அவர் முதலில் கையைத் துடைப்பார். தோளில் கிடக்கும் துண்டில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை துடைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வருவார்.

“மிஸ், ஒன்னு தப்பாப் போச்சு. நான்தான்.”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் துண்டை எடுப்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். எழுந்து போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஏதாவது ஓர் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். ஒருமுறை நான் இல்லாத நேரத்தில் என் பேனாவை எடுத்து எழுதிவிட்டு மூடியைத் தொலைத்திருந்தார். அதற்கும் இதே நடை, இதே துண்டு, இதே “நான்தான்.”

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. பெட்டிகளுக்கு உள்ளே வைக்கும் ஃபோம் வெட்டுவது தொழில். கேமரா, டிரோன், மருத்துவக் கருவி என எது வந்தாலும் அதன் உருவத்துக்கு ஃபோமில் பள்ளம் வெட்டி, பெட்டிக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார வைத்துக் கொடுப்போம். பெரிய வெட்டுகளுக்கு மின்சாரத்தில் சூடேறும் கம்பி, நுணுக்கமான ஓரங்களுக்கு நீளக் கத்தி. இரண்டிலும் அவர்தான் கெட்டிக்காரர். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒர்க் பெர்மிட்டில் வந்தவர். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். நான் ஆர்டர் வாங்குவது, வாடிக்கையாளர்களிடம் பேசுவது, டெலிவரிக்கு ஏற்பாடு செய்வது என்று அலுவலக வேலையில் இருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

முதலாளி ஒரு சீன அம்மையார். எல்லாரும் மேடம் என்போம். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கோ அளவு, பொருள், கிழமை ஆகியவற்றைத் தாண்டி ஆங்கிலம் ஓடாது. அதனால் இருவருக்கும் நடுவில் நான்தான் வாய். மேடம் திட்டுவதில் பாதியை விழுங்கிவிடுவேன். அவர் நீளமாகச் சொல்வதை ஒரு வரியில் முடித்துவிடுவேன். இருவருக்கும் நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மேசைக்குப் பின்னால், சுவரில் ஃபோம் துண்டுகளைக் குத்தி வைத்திருப்பார். வருகிற வாடிக்கையாளர்கள் அவற்றை மாதிரிகள் என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் அவர் கெடுத்த துண்டுகள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் தமிழில் ஒரு வரி எழுதியிருக்கும். ‘பேசிக்கிட்டே வெட்டினேன்.’ ‘டேப்பைத் தலைகீழாப் பிடிச்சேன்.’ ‘பசியோட வெட்டினேன்.’

“எதுக்குண்ணே இதையெல்லாம் மாட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறேன்.

“பண்ணுன தப்பையே திரும்பப் பண்ணக் கூடாதுல்ல மிஸ். புதுசா ஏதாவது பண்ணிக்கலாம்” என்று சிரித்தார்.

அந்தப் பட்டறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்தான்.

ஒருமுறை ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவர் தன் டிராம்போன் ஊதுகருவிக்குப் பெட்டி செய்யக் கொடுத்திருந்தார். வந்து வாங்கி, திறந்து பார்த்து, மகிழ்ந்து, நன்றி சொல்லி லிஃப்டுக்குப் போய்விட்டார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். “சார், வெயிட். மை மிஸ்டேக்.” நுனிப் பக்கம் பள்ளம் கொஞ்சம் அகலமாகிவிட்டதாம். அந்த மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை. பெட்டி திரும்பி உள்ளே வந்தது. மறுபடி வெட்டவேண்டி வந்தது. மேடத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“யாரும் கேக்காதப்ப எதுக்கு ஓடிப்போய்ச் சொல்றான்? கேளு அவன!”

கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

“அவரு வீட்ல போய்த் தொறந்து பாக்கிறப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேனே மிஸ்.”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? இனிமேல் செய்ய மாட்டாராம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேக்கா கடைவீதிக்குப் போயிருந்தேன். அம்மா பூக்கடையில் நின்று மல்லிகையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் ஓடுகிறார். பார்த்தால் இவர்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, முன்னால் பையோடு போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞனின் தோளைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, சாங்கி பஸ்ஸுக்கு இந்தப் பக்கம்னு சொன்னேன்ல? தப்பு, தப்பு. எதிர்ப்பக்கம் நிக்கணும்.” அந்தப் பையன் சிராங்கூன் சாலையில் பாதி தூரம் வந்திருந்தான். இவர் அவனைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, நிறுத்தத்தில் விட்டுவிட்டுத்தான் திரும்பினார். என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு கும்பிட்டார்.

“யாருடி இது?” என்றார் அம்மா.

“எங்க பட்டறையில வேல பாக்கிறவரு.”

“நல்ல மனுசனாத்தான் தெரியுது. கொஞ்சம் லூசோ?”

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருப்பது எல்லா நாளும் இதமாக இருக்காது. நான் தவறு செய்தால் முதலில் சுற்றும்முற்றும் பார்ப்பேன். டெலிவரி தேதியை மாற்றி அடித்துவிட்டு லாரிக்காரர் மேல் பழி போட்டிருக்கிறேன். அந்த ஆண்டில் மட்டும் மேடம் மூன்று முறை என்னைக் கூப்பிட்டு, கவனம் போதாது என்று எச்சரித்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் அவர் துண்டை எடுக்கும்போதெல்லாம் என்னைக் குத்திக்காட்டுவதற்காகவே இதைச் செய்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்கு அந்த நினைப்பே கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. போட்டிகளில் பயன்படுத்தும் ஏர் ரைஃபிள்கள் ஆறு. அணி வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறது, விமானத்தில் சரக்கோடு போகும் பெட்டிகள் வேண்டும் என்றார்கள். துப்பாக்கிகளைப் பயிற்சிக்கூடத்தை விட்டு நினைத்தபடி வெளியே எடுக்க முடியாது. அதனால் பயிற்சியாளரே ஒவ்வொரு துப்பாக்கியையும் பழுப்புத் தாளில் படுக்கவைத்து, சுற்றிக் கோடு வரைந்து அனுப்பியிருந்தார். ஆறு தாள்களிலும் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருந்தது.

அவர் தாள்களை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

“பொருளைப் பாக்காம எப்படி மிஸ் வெட்டுறது? எங்க மேடு, எங்க பள்ளம்னு பேப்பர்ல தெரியாதே. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துருவமா?”

“துப்பாக்கிண்ணே. நம்மளையெல்லாம் உள்ள விட மாட்டாங்க” என்றேன்.

நான் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. சனிக்கிழமை ஒன்று வீணாகுமே என்றுதான் அப்படிச் சொன்னேன்.

“அப்ப ஆறும் ஒன்னுதானே மிஸ்? ஒரே பக்கமாப் படுக்க வெக்கலாம்ல?”

“எல்லாம் ஒன்னுதான்ணே. வெட்டுங்க.”

அன்று மாலை பொங்கோலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது பயிற்சியாளரிடமிருந்து செய்தி வந்தது. ஐந்தாம் நம்பர் இடதுகைக்காரரின் துப்பாக்கி, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் அதன் லீவர் மறுபக்கத்தில் இருக்கும், அதனால் அந்தத் தாளை மட்டும் திருப்பிப் போட்டு வெட்டச் சொல்லுங்கள், உங்கள் ஆள் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தார். படித்தேன். கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அடுத்த நிமிடமே சித்தி மகள் தன் கல்யாணப் புடவையின் படத்தை அனுப்பினாள். நல்லாயிருக்கு என்று அவளுக்குப் பதில் எழுதினேன். அதோடு இது மனதிலிருந்து போய்விட்டது. மறுநாள் காலையில் அவர் தாள்களை ஃபோமின் மேல் வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்துதான் என் மேசைக்குப் போனேன். வணக்கம்கூடச் சொன்னேன்.

பெட்டிகள் அழகாக வந்திருந்தன. சாம்பல் நிற ஃபோமில் துப்பாக்கியின் உருவம் நிழல்போல இறங்கியிருந்தது. விளிம்பில் விரலை ஓட்டினால் ஒரு பிசிறு தட்டாது. அனுப்புவதற்கு முன் ஆறு பெட்டிகளையும் திறந்து வைத்து மேடமே படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பயிற்சியாளர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார். மேடத்தின் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே துப்பாக்கி இல்லை. ஃபோமின் நடுவே, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பள்ளம் அமுங்கியிருந்தது. ஐந்தாம் நம்பர் துப்பாக்கி தன் லீவரின் மேலேயே படுத்துப் பயணம் செய்திருக்கிறது. வழியில் மேலே எவ்வளவு சுமை விழுந்ததோ, லீவர் வளைந்துவிட்டது. போய் இறங்கிய இடத்தில் அதைச் சரிசெய்ய ஆள் இல்லை. துப்பாக்கிக்கு உரிய பெண் இரவல் வாங்கிய வலதுகைத் துப்பாக்கியால் சுட்டு, முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டாள்.

“நான் உங்க ஆபீசுக்குத் தெளிவா எழுதியிருந்தேன்” என்று தன் கைபேசியைக் காட்டினார். கீழே என் கட்டைவிரல்.

மேடம் என்னைப் பார்த்தார். கத்தவில்லை. வெறுமனே பார்த்தார்.

“நான் அவர்கிட்ட சொல்லிட்டேன், மேடம்.”

யோசித்துச் சொன்ன பொய் என்றாலாவது மனம் ஆறும். மூச்சு விடுவதுபோல வந்தது.

“கூப்பிடு அவன” என்றார் மேடம். வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. குனிந்து அமுங்கிய இடத்தை விரலால் தடவினார். மேடம் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “அஞ்சாம் நம்பரைப் பத்தி நீ சொன்னியா இல்லையான்னு அவன்கிட்ட கேளு.”

நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

“அண்ணே, அஞ்சாம் நம்பர் பேப்பரை நான்தானே உங்ககிட்ட குடுத்தேன்?”

“ஆமா மிஸ். நீங்கதான் குடுத்தீங்க” என்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மொழிபெயர்த்தேன். “ஹி சேஸ் யெஸ், மேடம்.”

மேடம் பெருமூச்சு விட்டார். பயிற்சியாளரிடம், “இவன் பொய் சொல்ற ஆள் இல்ல. தப்புன்னா தானா வந்து ஒத்துக்குவான்” என்றார். அவர் அத்தனை ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்த நற்பெயர் அன்றைக்கு எனக்கு உதவியது.

மதியம் தேநீர் போடும் இடத்துக்கு அவர் வந்தார். பயிற்சியாளர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டியதிலிருந்தும், காதில் விழுந்த ஓரிரு சொற்களிலிருந்தும் விஷயம் என்னவென்று அவருக்குப் புரிந்திருந்தது.

“மிஸ், திருப்பிப் போட்டு வெட்டணும்னு எங்கிட்ட சொன்னீங்களா?”

குற்றம் சாட்டும் குரலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட எளிதான இடம் எனக்கு வாய்த்திருக்காது. சுற்றிலும் யாருமே இல்லை.

“சொன்னேனேண்ணே. ஞாபகம் இல்லையா?”

“எல்லாம் ஒன்னுதான்னு சொன்னது ஞாபகம் இருக்கு…”

“அது மொதல்ல சொன்னது. மறுநாள் காலையில நீங்க கம்பி முன்னாடி நின்னுட்டிருந்தப்ப வந்து சொன்னேன்ல. தலைய ஆட்டினீங்களே.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் காலை நேரத்தைத் தன் தலைக்குள் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வெகுநேரம் தேடினார்.

“அப்ப நான்தான் மறந்துட்டேன் மிஸ்” என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, மேடத்தின் அறையை நோக்கி நடந்தார். கம்பி முன்னால் நின்றபோது நான் சொன்னதை மறந்துவிட்டாராம் என்று அங்கேயும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் சுவரில் புதிய ஃபோம் துண்டு ஒன்று குத்தியிருந்தது. ‘சொன்னதை மறந்தேன்’ என்று எழுதியிருந்தார். அலுவலகக் கதவைத் திறந்தாலே கண்ணில் படும் இடம்.

அந்தப் பெண்ணை நேரில் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மேடம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை நான்தான் அவரைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் பெயரை எழுதிக்கொண்டு, அட்டை ஒன்றைக் கொடுத்து, இரண்டே நிமிடத்தில் உள்ளே விட்டார்கள்.

பழுதுபார்த்து வந்திருந்த அந்தத் துப்பாக்கியை மேசைமேல் வைத்திருந்தார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். “பாத்திருந்தா இப்படி வெட்டியிருக்கவே மாட்டேன்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெண் தமிழ்ப்பெண்தான். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பேச அவருக்கு என் வாய் தேவைப்படவில்லை.

“அம்மா, உங்க பெட்டிய வெட்டுனவன் நான்தான். உங்களுக்கு இடது கைன்னு எங்கிட்ட சொல்லியிருந்தாங்க. நான் மறந்துட்டேன். என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு.”

“பரவால்ல அங்கிள், இட்ஸ் ஓகே. நானும் உள்ள வைக்கும்போது டைட்டா இருக்கேன்னு நெனச்சேன். புதுப் பெட்டி அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள். மூன்று ஆண்டு உழைத்து அந்தப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாளாம். அவள் அழுது முடியும்வரை அவர் அங்கேயே நின்றார். நான் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். எதைச் சொன்னாலும் இரண்டு முறை கேட்டார். முன்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு அரை நாள் எடுத்தார். கம்பியில் மின்சாரத்தை அணைத்தோமா என்று லிஃப்டிலிருந்து திரும்பி வந்து பார்ப்பார். போனில் தன் மனைவியிடம் “எனக்கு மறதி வந்துருச்சு போல” என்று சொல்வதை ஒருநாள் கேட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நாளாக நாளாகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன்.

அவருடைய ஒர்க் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் சமயம் வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“சொல்லவே கஷ்டமா இருக்கு லா. ஆனா கம்பி முன்னாடி நின்னப்ப சொன்னதையே மறந்துட்டான்னு நீயே சொன்னே. இப்ப ரொம்பத் தடுமாறுறான். நாளைக்கு விரல் போனா? புதுப்பிக்கல. நீ பக்குவமாச் சொல்லு.”

பக்குவமாகத்தான் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

“மேடம் சொல்றது நியாயந்தான் மிஸ். எனக்கு ஒன்னு ஆனா அவங்களுக்குத்தானே கெட்ட பேரு” என்றார்.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று பட்டறையில் எல்லாரும் சாங்கி விமான நிலையத்துக்குப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனதும், சுவரிலிருந்து அந்த ஒரு ஃபோம் துண்டை மட்டும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

நான் அந்த வேலையை விட்டது இரண்டரை ஆண்டு கழித்து. கடைசி நாளன்று மேடம் என்னைக் கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். பழைய ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. “அவன் மாதிரி வெட்ட இன்னும் ஓர் ஆள் கிடைக்கல. பாவம், அந்த மறதி மட்டும் இல்லன்னா” என்றார். நான் சொல்லிவிட்டேன். ரயில், கட்டைவிரல், தேநீர் போடும் இடம் எல்லாவற்றையும். மேடம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சே?”

“வேலைய விட்டு அனுப்பியிருப்பீங்கன்னு…”

“அஞ்சு நிமிஷம் கத்தியிருப்பேன். அவ்வளவுதான் லா” என்றார். பிறகு, “என்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? அவன்கிட்ட சொல்லு” என்று எழுந்துவிட்டார். என் காப்பி பாதியில் இருந்தது.

அதன் பிறகும் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒரு பிற்பகலில்தான் அழைத்தேன். என் குரல் கேட்டதும் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி. அம்மா நலமா, மேடம் நலமா என்று விசாரித்தார். மச்சானுடைய சிமெண்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். வண்டி ஓட்ட வீட்டில் விடுவதில்லையாம்.

“எங்கயாவது வழிய மறந்துட்டு நிப்பேன்னு வீட்டுக்காரி பயப்படுறா மிஸ். தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய்த் தலைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. ஒன்னும் தெரியலன்னாங்க. மருந்து மட்டும் தின்னுக்கிட்டிருக்கேன்.”

“அண்ணே, அந்த அஞ்சாம் நம்பர் பெட்டி. திருப்பி வெட்டணும்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்லண்ணே. மறந்தது நான். பயந்துகிட்டு மாத்திச் சொல்லிட்டேன்.”



“நீங்க சொல்லவே இல்லியா?”

“இல்லண்ணே.”

“அப்ப… எனக்கு மறதி இல்லையா மிஸ்?”

“இல்லண்ணே. உங்களுக்கு ஒன்னும் இல்ல.”

அவர் போனை வாயிலிருந்து எடுக்காமலே மனைவியைக் கூப்பிட்டார். “ஏய், இங்க வா, வா. எனக்கு ஒன்னுமில்லையாம். நான் எதையும் மறக்கலையாம்!” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் இங்கே எழுதிக் காட்ட முடியாது. யார் சொன்னது என்று அந்த அம்மா கேட்பதும், அவர் விளக்குவதும் காதில் விழுந்தன. தன் தவறுகளை என் மேசைக்கு வந்து சொல்வாரே, அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். “சிங்கப்பூர் மிஸ்தான். சொல்லலையாம், சொன்னேன்னு மாத்திச் சொல்லிட்டாங்களாம்.” பிறகு அந்த அம்மாவின் குரல், மிக அருகில்: “போனைக் குடுங்க எங்கிட்ட.” அவர் கொடுக்கவில்லை.

“ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?”

நான்கு மாதமாக இதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் காரணங்கள். அவர் காத்திருந்தார். “தெரியலண்ணே” என்றேன். மன்னிச்சுக்கங்க என்றும் சொன்னேன். அதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

“மிஸ், அந்தப் புள்ளகிட்ட நான் மறந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். அது பொய்யாப் போச்சே. நான் இங்கேருந்து என்ன பண்ண? நீங்க போய்ச் சொல்லிடுறீங்களா?”

“சொல்றேண்ணே.”

“மறக்காம” என்றார். போனை வைத்துவிட்டார்.

அதே பயிற்சிக்கூடத்தில் அந்தப் பெண் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். நான் போய்க் காத்திருந்தேன்; இடைவேளையில் வெளியே வந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. பெட்டி, ஃபோம் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

“அந்த அங்கிளா? எப்படி இருக்காரு? அக்கா, யூ நோ, அந்த டைம்ல எங்கிட்ட யாருமே ஸாரி சொல்லல. கோச், கிளப், யாருமே. அவரு மட்டுந்தான் வந்தாரு.”

நின்றபடியே சொன்னேன். இந்த முறை எதையும் விழுங்காமல் சொன்னேன். அவளுடைய முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

“அன்னிக்கு நீங்களும் கூட வந்தீங்கல்ல? பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஆமா.”

“இவ்வளவு வருஷம் கழிச்சு இப்ப ஏன் வந்து சொல்றீங்க?”

“அவரு சொல்லச் சொன்னாரு.”

அவள் யோசித்தாள். உள்ளே பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவரு சொல்லலைன்னா வந்திருப்பீங்களா அக்கா?”

“வந்திருக்க மாட்டேன்” என்றேன்.